பாலத்தில் ஒரு சாண்

மகன் வேலை தேடி வெளியூர் புறப்பட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை காலை. பேருந்து ஏறுவதற்கு முன், அம்மாவின் ஹெல்மெட்டில் ஒரு சின்னக் கேமராவைத் திருகி மாட்டினான்.

"தினமும் வண்டிக்காரங்களைத் திட்டிக்கிட்டே வீட்டுக்கு வர்ற. இனிமே திட்டாத, படம் புடி. போலீஸ் இணையதளத்துல ஏத்திவிட்டா மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க."

"நீ இங்கேயே இருந்து பாத்துக்கிட்டா ஆகாதாடா?"

அவன் பதில் சொல்வதற்குள் பேருந்தின் கதவு மூடிக்கொண்டது. அவள் அழவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறைதான் அவள் உலகம். பத்தொன்பது வருஷமாக லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறாள். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. சைக்கிள், அரசாங்கம் பாதி விலைக்குக் கொடுத்தது. அதே திட்டத்தில் சாலையோரம் சைக்கிளுக்கென்று பச்சைப் பாதையும் வந்தது. அவள் தெருமுனையில் ஆரம்பித்து, பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் சட்டென்று நின்றுபோகும். "பெயின்ட் தீந்துபோச்சு, பாலத்துல அவங்கவங்க சாமியைக் கும்பிட்டுக்க வேண்டியதுதான்" என்பார் கடை முதலாளி.

அந்த வியாழக்கிழமை அவள் பாலத்தின் நடுவில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. விலக இடமில்லை. இடதுபக்கம் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே ரயில் தண்டவாளம். ஒரு ரொட்டி வேன் அவள் முழங்கையை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. ஒரு சாண் இருந்திருக்கும். சைக்கிள் சுவரில் இடித்து நின்றது. இறங்கி, பாலம் முடியும்வரை தள்ளிக்கொண்டே நடந்தாள்.

மதிய இடைவேளையில் வீடியோவைப் போலீஸ் தளத்தில் ஏற்றினாள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிஷம் வெட்டாமல் அனுப்ப வேண்டும் என்றிருந்தது. அப்படியே அனுப்பினாள். வேனின் எண் பளிச்சென்று தெரிந்தது. அந்த ரொட்டிக் கம்பெனிக்கு ஊரெல்லாம் வேன் ஓடுகிறது. ஓட்டினவர் யாரோ எவரோ.

அடுத்த புதன்கிழமை அந்த யாரோ கடைக்கு வந்தார்.

பழைய வாடிக்கையாளர்தான், முப்பது முப்பத்தைந்து வயது. நேராகப் பின்னறைக்கே வந்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அக்கா, இதைப் போட்டா ரோடே ஒரு பக்கமா சாயுது. வண்டிக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு தூரம்னே புரியல. உங்க முதலாளிகிட்ட சொன்னா, பத்து நாள்ல பழகிடும்னார். இன்னையோட ஒம்பது நாள் ஆச்சு."

"பழைய கண்ணாடி எங்க தம்பி?"

"உடைஞ்சுதானே புதுசு வாங்கினேன்! கேளுங்க கூத்தை. போலீஸ்லேர்ந்து கடிதம் வந்திருக்கு. எவளோ ஒரு சைக்கிள்காரி பாலத்துல என் வண்டியைப் படம் புடிச்சு அனுப்பியிருக்கா. ஏற்கெனவே ஒரு தடவை மாட்டினவன் நான். இதுவும் சேர்ந்தா லைசென்ஸ் காலி. வண்டி இல்லேன்னா நான் என்ன செய்வேன், ரொட்டியைத் தலையில சுமந்துக்கிட்டு ஓடவா?"

அவள் தலைக்குப் பின்னால் ஆணியில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது, கேமராவோடு. அவள் மெல்ல நகர்ந்து அதை மறைத்து நின்றாள்.

"வெளியே உக்காருங்க. பாக்கறேன்."

கண்ணாடியை, பவரும் கோணமும் அளக்கும் லென்ஸ் மீட்டரில் வைத்தாள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், லென்ஸைத் திருப்பிப் பொருத்த வேண்டிய கோணம் மட்டும்தான் வேறு. கடையின் ஆர்டர் சீட்டில் வலது இருபது டிகிரி, இடது நூற்று அறுபது. மீட்டரில் வலது நூற்று அறுபது, இடது இருபது.

சட்டத்தை எதிரே வைத்துப் பார்க்கிறவளுக்குப் போடுகிறவரின் வலது கண் இடதுபக்கம் தெரியும். பத்தொன்பது வருஷமாக யோசிக்காமலேயே கை அதை மாற்றிக்கொள்ளும். மகன் புறப்பட்டுப் போன அந்தத் திங்கட்கிழமை கை மாற்றவில்லை. முடித்ததும் கடைசியாக ஒருமுறை மீட்டரில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அப்போதுதான் மகன் போனில் கூப்பிட்டான். பேசிவிட்டு வந்து, பார்க்காமலேயே சீட்டில் "சரிபார்த்தது" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். அந்த டிக் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலாளி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. மீட்டரையும் சீட்டையும் பார்த்தார். அவர் குரல் தணிந்தது.

"சத்தம் போடாம வேற போட்டுக் குடுத்துடும்மா. லென்ஸை மெருகேத்தினேன்னு சொல்லு. தப்புன்னு வாயால சொன்னே, கடையை மூட வேண்டியதுதான்."

அரைமணி நேரத்தில் புது லென்ஸ் தயார். மூன்று முறை மீட்டரில் வைத்தாள். நான்காவது முறையும் வைத்தாள். வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார். "அட! கம்பம் நேரா நிக்குதே! நான்தான் பழகத் தெரியாத மக்குன்னு நெனச்சுட்டேன்."

"மக்கு நீங்க இல்ல தம்பி. வலது இடது மாத்திப் போட்டவ நான். பாலத்துல படம் புடிச்ச சைக்கிள்காரியும் நான்தான்."

முதலாளி கல்லாவைப் பட்டென்று மூடினார்.

வண்டிக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவளையே பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "என் பொண்ணு சைக்கிள்ல அந்தப் பாலத்து வழியாத்தான்க்கா ஸ்கூலுக்குப் போறா. ஒம்பது நாள் நான் அங்க..." என்றவர் முடிக்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் சீட்டைப் படமெடுத்துக்கொண்டாள். போலீஸ் தளத்தில் தன் புகார் எண்ணைப் போட்டு, கூடுதல் விவரம் என்ற இடத்தில் நடந்ததை எழுதினாள்: கண்ணாடி என் தவறு. ஆனால் வீடியோவை அவள் திரும்பப் பெறவில்லை. ரோடு சாய்கிறது என்று தெரிந்தும் அந்த வேகத்தில் ஓட்டியது கண்ணாடியின் தவறு இல்லை. அதையும் எழுதினாள்.

"நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. அவள் ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது வேறு கடை, சம்பளம் குறைவு, ஆனாலும் அதே பாலம்தான் வழி. பச்சைப் பாதை இன்னும் ஐம்பது அடி முன்னாலேயே நிற்கிறது. பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டால் இன்றும் அவள் தோள் இறுகும். அந்த வண்டிக்காரரின் லைசென்ஸ் என்ன ஆயிற்று என்று போலீஸும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஒருநாள் காலை, கடை வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"அக்கா, பழைய கடையில உங்க நம்பர் வாங்கினேன். லைசென்ஸ் போகல. மூணு மாசம் நிறுத்தி வெச்சு, வண்டி ஓட்டற வகுப்புக்கு அனுப்பித் திருப்பிக் குடுத்துட்டாங்க. இத்தனை நாள் சொல்ல மனசு வரல. இன்னைக்குப் பாலத்துல நீங்க முன்னாடி போனீங்க. முந்தாம, பாலம் முடியறவரைக்கும் உங்க பின்னாடியேதான் வந்தேன். உங்க கேமரா முன்னாடி மட்டும்தானே பாக்கும், அதான் நானே சொல்றேன்."