பின்வாசல் தூக்குவாளி

விளாங்குடியில் நான் கட்டிய வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் தெருவைப் பார்த்தது. பின்வாசல் எங்கள் குளியலறைத் தண்ணீர் போய்ப் பாய்கிற காலிமனையைப் பார்த்தது. எனக்குக் கொத்தனார் வேலை. அடுத்தவர் வீடுகளைக் கட்டிவிட்டு மிச்சமிருந்த நாட்களில் என் வீட்டைக் கட்டினேன். நாலு வருஷம் பிடித்தது. அஸ்திவாரம் முதல் பூச்சு வரை என் கைதான்.

வீடு முடிந்ததும் அப்பத்தாவைக் கூட்டிவந்தேன். வாடிப்பட்டிப் பக்கத்து ஊரில் தனியாக இருந்தாள். என் அப்பா அம்மா இரண்டு பேருமே நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பத்தாதான் வளர்த்தாள். எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அடுத்தவர் வயலில் குனிந்து நின்றே என்னை நிமிர்த்தினாள்.

முதல் வருஷம் நன்றாக இருந்தாள். முன்னறையில் நாற்காலியில் உட்காருவாள். சுவரைத் தடவித் தடவி, இது நம்ம வீடா, நம்ம வீடுதானா என்று என் பெண்டாட்டியிடம் கேட்பாள். நம்ம வீடுதான் அப்பத்தா என்று அவளும் சொல்வாள். அது மறதி இல்லை. சந்தோஷத்தில் கேட்டது.

அடுத்த வருஷம் கேட்டது வேறு.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். அப்பத்தா தெருவில் வந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வாசல் நெருங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டைத் தாண்டி, சந்து வழியாகப் பின்பக்கம் போய் நின்றாள். ஊரில் அவள் வேலை செய்த நிலக்காரர் வீட்டை அப்படித்தான் கடப்பாள். நானும் சின்னதில் அவள் பின்னால் அப்படிக் கடந்திருக்கிறேன்.

கிட்டப் போய் அப்பத்தா என்றேன். அவள் ஒதுங்கி நின்றாள்.

"எசமான், வேல முடிஞ்சிருச்சு. கஞ்சி ஊத்தச் சொன்னா வாங்கிக்கிட்டுப் போயிருவேன்."

டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயதானால் சிலருக்கு வருகிற மறதி, மருந்தால் திரும்பாது என்றார். உடம்பில் சத்தே இல்லை, வயிற்றைக் காயவிடாதீர்கள், சாப்பாடு குறைந்தால் தாங்க மாட்டார் என்றார். அது ஒன்றுதான் அவர் சொன்னதில் என்னால் செய்ய முடிகிற காரியமாக இருந்தது. அதுவும் முடியவில்லை.

அப்பத்தா வீட்டுக்குள் சாப்பிட மாட்டேன் என்றாள். தட்டில் போட்டுக் கொடுத்தால் கை வைக்க மாட்டாள். எசமான் வீட்டுத் தட்டில் நாங்கள் தின்னலாமா என்பாள். தன் பழைய தூக்குவாளியைத் தேடி எடுத்து, பின்வாசலில் படிக்குக் கீழே நிற்பாள். மேலே இருந்து ஊற்ற வேண்டும். வாளியும் சட்டியும் முட்டக்கூடாது.

நான் முடியாது என்றேன். எங்களில் ஒரு ஆள் கொல்லைப்பக்கம் நின்று கஞ்சி வாங்கக்கூடாது என்றுதான் அந்த வீட்டையே கட்டினேன். என் கையால் வைத்த படி அது. அதற்குக் கீழே என் அப்பத்தா நிற்பதா? உள்ளே வந்து உட்கார்ந்து தின்னு என்றேன். சத்தம் போட்டேன். அவள் பயந்து இன்னும் இரண்டு எட்டு பின்னால் போனாள். நான் சத்தம் போடப் போட அவளுக்கு நான் நிலக்காரர் என்பது இன்னும் உறுதியாகிவிட்டது.

இரண்டு நாள் அவள் ஒன்றும் தின்னவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. அவர்கள் பட்டுத் தறி வைத்திருந்த சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களிடம் தமிழ்.

"அண்ணே, கதவு எந்தப் பக்கம் இருந்தா என்ன? சோறு உள்ள போகணும்ல?"

நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்று என் பெண்டாட்டி படியில் நின்று மேலே இருந்து கஞ்சி ஊற்றியிருக்கிறாள். அப்பத்தா வாளி நிறைய வாங்கிக் குடித்துவிட்டு, புளிப்பு கம்மியா இருக்கு ஆத்தா என்று குறையும் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் இதைக் கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் பெண்டாட்டியோடு பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பேசுகிற ஆள் எப்போதும் அவள்தான்.

அதற்குப் பிறகு அப்பத்தா எங்கள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் எழுந்து சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு காலிமனையில் இறங்குவாள். களை பிடுங்குவாள். நானும் பார்த்தேன், தடுக்கவில்லை. வேலை செய்யும்போது அவள் முகத்தில் பயம் இல்லை.

காலிமனை ஓரத்தில் அந்த அக்கா ஒரு பாத்தி தண்டுக்கீரை விதைத்திருந்தது. நெருக்கமாக முளைத்து விரல் நீளம் வந்திருந்தது. அப்பத்தா அதை நாற்றங்கால் என்று நினைத்துவிட்டாள். ஒரே காலையில் அம்புட்டையும் பிடுங்கி, புல்லால் முடிமுடியாகக் கட்டி, குளியலறைத் தண்ணீர் நின்ற சேறு முழுக்க வரிசை பிடித்து நட்டுவிட்டாள். அக்கா சண்டைக்குத்தான் வந்தது. வந்து வரிசையைப் பார்த்தது. நூல் பிடித்த மாதிரி இருந்தது. நான் செங்கல் வைத்தால்கூட அப்படி வராது. அக்கா தன் வீட்டுப் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்துச் சிரித்தார்கள்.

இருபது நாளில் கீரை முழங்கால் உயரம் வந்தது. நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். முதல் கட்டு அறுத்தபோது அப்பத்தா நிமிர்ந்து நின்று குலவை போட்டாள். எங்காவது சாமி புறப்பாடு என்று நினைத்துத் தெருவே வெளியே வந்துவிட்டது. ஒரு ஆள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். கீரையைக் கொடுத்து அனுப்பினோம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. வயலில் மத்தியானக் கஞ்சிக்கு யாரும் தானாக ஏறக்கூடாது. நிலக்காரர் வரப்பில் நின்று "கரையேறு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஏறுவார்கள். அப்பத்தா அதைப் பிடித்துக்கொண்டாள். வெயில் உச்சிக்கு வந்தாலும் குனிந்தபடியே நிற்பாள். என் பெண்டாட்டி கரையேறு என்று கத்திப் பார்த்தாள்.

"எசமான் சொல்லணும்த்தா. பொம்பளைக சொல்லி எப்பிடிக் கரையேறுறது?"

நான் அப்போது சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்கு மேல்மாடி எடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஆனதும் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு சைக்கிளை எடுப்பேன். அந்த வெயிலில் வைகைப் பாலத்தைத் தாண்டி விளாங்குடிக்கு மிதித்துப் போய், பின்பக்கம் நின்று கரையேறு என்பேன். திரும்பி மிதிப்பேன். மேஸ்திரி நாலு நாள் பார்த்துவிட்டு, தினமும் எங்கப்பா போற என்று கேட்டார்.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும்ண்ணே."

"என்ன வார்த்தை?"

சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சொன்னவுடனே ஏறிவிடவும் மாட்டாள். இன்னும் ரெண்டு வரிசைதான் எசமான், முடிச்சிட்டு வாரேன் என்பாள். எனக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும். சரி அப்பத்தா, மெதுவா வாங்க என்பேன். அவளுக்கு அது பிடிக்காது.

"எசமான் இப்பிடிப் பேசுனா எவ வேல செய்வா? நல்லா அதட்டுங்க. இந்த ஊர்ப் பொம்பளைக எமகாதகிக."

அங்கே அவளைத் தவிர ஒரு பொம்பளையும் இல்லை. என் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். நான் அதட்டிப் பார்ப்பேன். எனக்கு வராது. ம்க்கும், இவரு எங்க நிலத்தக் காப்பாத்தப் போறாரு என்று நாற்று முடியிடம் சொல்வாள்.

நாளாக ஆக அவளுக்கு என்மேல் பயம் குறைந்தது. வாளியை வாங்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்னுவாள். நான் இந்தப் பக்கம் உட்காருவேன். ஊரில் அந்த நிலக்காரரிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை எல்லாம் என்னிடம் சொன்னாள். உங்க மாட்டுக்குக் கொம்பு கோணல் எசமான், உங்க புத்தி மாதிரி என்றாள் ஒரு நாள். நான் ஆமாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கஞ்சி புரையேறிவிட்டது.

இன்னொரு நாள், தின்றுகொண்டே, நான் கேட்காமலே சொன்னாள்.

"எம் பேரன மாடு மேய்க்கக் கேட்டீகள்ல? அனுப்ப மாட்டேன். என்ன வேணாலும் செஞ்சுக்கங்க."

எனக்கு அது தெரியாது. என்னை அந்த வீட்டுக்கு மாடு மேய்க்கக் கேட்டதையும் சொன்னதில்லை, மறுத்ததையும் சொன்னதில்லை. மறுத்ததற்கு அவளை என்ன செய்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பேரன் இப்ப என்ன செய்றான் என்று கேட்டேன்.

"படிக்கத்தான் போட்டேன். எங்க படிச்சான்? கல்லு தூக்கப் போயிட்டான்." ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னாள். "ஆனா எவன் வீட்டு மாட்டையும் மேய்க்கல."

அன்று நான் சிம்மக்கல்லுக்குப் பிந்தித்தான் போனேன்.

மழைக்காலம் வந்தபோது அவளுக்கு மறுபடி சாப்பாடு குறைந்தது. காலிமனையில் தண்ணீர் நின்றது. பின்பக்கம் உட்கார இடமில்லை. தூறலில் நின்றுகொண்டே இரண்டு வாய் குடித்துவிட்டு வாளியை மூடிவிடுவாள். டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. உள்ளே வந்து தின்றால் ஒழிய அந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எப்படிக் கூட்டிவருவது என்று தெரியவில்லை.

ஒரு மத்தியானம் தூறல் விட்டிருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடாமல் வந்திருந்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா வாளியைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"எசமான் மூஞ்சி வாடியிருக்கு. சாப்புடலையா?"

இல்லை என்றேன். அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாங்க குடுத்தாத் திம்பீகளா?"

கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. பழைய சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை கையில் வைத்திருந்தாள். நான் கல்லில் இருந்து இறங்கி, அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் உருண்டையை என் கையில் மேலே இருந்து போட்டாள், தொடாமல். நான் தின்றேன். இன்னொன்று கேட்டேன். மோர் மிளகாயில் பாதி கேட்டேன். எல்லாம் நான் சின்னதில் அவள் கையால் தின்ற ருசிதான்.

அப்பத்தா கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். யாரும் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதருகில் வந்து சொன்னாள்.

"பயப்படாதீக எசமான். ஊருக்குள்ள சொல்ல மாட்டேன்."

நான் எழுந்தேன். உன் சோற்றை நான் தின்றேன், என் வீட்டுச் சோற்றை நீ உள்ளே வந்து தின்ன வேண்டும், அதுதானே நியாயம் என்றேன். யோசித்தாள். நியாயம் என்றால் அவள் எப்போதும் யோசிப்பாள். செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக உள்ளே ஏறினாள். சுவரோரமாக உட்கார்ந்தாள். என் பெண்டாட்டி தட்டை வைத்தாள். சுடுசோறும் கீரையும். மறுசோறு வாங்கித் தின்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால், தூக்குவாளியோடு பின்வாசலில் படிக்குக் கீழே நிற்கிறாள். முதல்நாள் நடந்தது அவளிடம் இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் கோபம்தான் வந்தது. பிறகு ஈரத்தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். மறுபடி கண்ணை விரித்தாள். மறுபடி சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மறுபடி என் காதில், ஊருக்குள்ள சொல்ல மாட்டேன் என்றாள். மறுபடி உள்ளே வந்து தின்றாள்.

அந்த மழைக்காலத்தைத் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். தினமும் எசமான் அவள் கையில் வாங்கித் தின்றார், தினமும் அவளுக்கு அது முதல் தடவையாக இருந்தது. அந்தச் சிரிப்பு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

சிம்மக்கல் வேலை முடிந்து மாட்டுத்தாவணிப் பக்கம் வேலைக்குப் போனேன். தூரம் கூடியது. மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததும் மேஸ்திரி சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். இரண்டு உருண்டைதான். ஆனால் பொய்யில்லை.