டைப்ரைட்டரில் இல்லாத ‘ஒன்று’

ஃப்ளாப்பியைச் செருகினால் டிரைவ் கர்... கர்... என்று கத்தும். கீழே ஏலக்காய் குடோன். அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்து எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் முழுக்க நிற்கும்.

எண்பதுகளின் கடைசி. தேனி பஜாரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊர் ரத்ததானக் குழுவுக்காக டிபேஸ் என்ற மென்பொருளில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். ரத்த வகையைக் கொடுத்தால் போதும், அந்த வகைக்காரர்களின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் பச்சை எழுத்தில் வந்து நிற்கும்.

விவரங்களை எல்லாம் அடித்துச் சேர்த்தது செல்வராணி அக்கா. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பல வருடம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். கீபோர்டைக் குனிந்துகூடப் பார்க்கமாட்டார்.

ஒரு நாள் காலையில் சின்னமனூர்க்காரர் ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பிரசவம்.

“தங்கச்சி, ஏ ஒன் நெகட்டிவ் ரத்தம் வேணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. இங்கன கேட்டா ஆள் கிடைக்கும்னாக...”

புரோகிராமை ஓட்டினேன். ‘யாரும் இல்லை’ என்றது.

மறுபடி ஓட்டினேன். இல்லை. எழுதியதை வரிவரியாகப் பார்த்தேன், தப்பு எதுவும் தெரியவில்லை. ‘ஓ பாசிட்டிவ்’ கேட்டுப் பார்த்தேன்... பெயர்கள் மளமளவென்று கொட்டின. அப்படியென்றால் புரோகிராம் சரிதான். இந்த வகையில்தான் ஆளே இல்லை போல.

“மதுரைக்குப் போய்ப் பாக்குறேன்” என்று அவர் திரும்பினார்.

“அண்ணே, நில்லுங்க!” செல்வராணி அக்கா எழுந்துவிட்டார். “ராயப்பன்பட்டி வாத்தியார் ஒருத்தரு ஏ ஒன் நெகட்டிவ். நாந்தான் அடிச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு.”

வாத்தியார் பெயரைப் போட்டுத் தேடினேன். வந்துவிட்டார்! பக்கத்திலேயே ‘A1-’ என்றும் இருந்தது. ஆனால் அதே வகையைக் கேட்டால் ‘இல்லை’ என்கிறது...

“என்னக்கா இது, கண்ணு முன்னால இருக்கு, கேட்டா இல்லேங்குது?”

சட்டென்று ஒன்று தோன்றியது. “அக்கா, அதையே இன்னொரு தடவை அடிங்க.”

அடித்தார். நான் திரையை விட்டுவிட்டு விரலைப் பார்த்தேன். அது மேலே எண்கள் இருக்கும் வரிசைக்குப் போகவே இல்லை.

“அக்கா... இது ஒன்னு இல்ல, இங்கிலீஷ் எல்லு!”

“ஆமா. டைப்ரைட்டர்ல ஒன்னுக்குன்னு தனியா கீ ஏது? சின்ன எல்லுதான் அடிப்போம்...” சொல்லிக்கொண்டே வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

ரத்த வகையில் இருந்த ‘எல்’ எழுத்தையெல்லாம் ‘1’ என்ற எண்ணாக மாற்றச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினேன். டிரைவ் கத்தி முடித்தது. திரும்ப ஓட்டினேன்...

மூன்று பேர்! அதில் ஒருவர் தேனியிலேயே, காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர்.

நானும் அக்காவும் கட்டிக்கொண்டு கத்திவிட்டோம். போன் போட்டேன். “தக்காளி லோடு எறங்குது... கெடக்கட்டும், இந்தா வர்றேன்” என்றார். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அங்கே எங்களுக்கு முன்னால் அவருடைய ஸ்கூட்டர் நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போனில் தகவல் சொல்லியிருந்ததால், மதிய பஸ்ஸில் வாத்தியாரும் வந்து இறங்கினார்.

சாயங்காலம் சின்னமனூர்க்காரர் மறுபடி படியேறி வந்தார். “பொம்பளப்புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு தங்கச்சி.”

இப்போது சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ரத்தம் கேட்டு வரும் செய்திகளைப் பார்க்கிறேன். ஒரு வரி போட்டால் போதும், ஆள் கிடைத்துவிடுகிறது. ஒரு திரையைச் சுற்றித் தலையோடு தலை ஒட்டி நிற்பதெல்லாம் இனி யாருக்கும் தேவைப்படாது... லேசாக ஒரு ஏக்கம், அவ்வளவுதான்.

நேற்றுகூட ஒருத்தர் கேட்டிருந்தார். கம்பத்திலிருந்து, யாரென்றே தெரியாத ஒரு பையன், அடுத்த நிமிடமே பதில் போட்டிருந்தான்.

“பஸ் ஏறிட்டேண்ணே.”