ஏரிக்கு விலை எழுதிய எங்கள் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலர் அவருடைய அடக்கத்துக்கு வரவில்லை. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. நடந்ததை மறைக்காமல் எழுதுவதே தங்கையாகிய நான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். அம்மா இடுப்பளவு நீரில் பிடித்ததைப் போடும் ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார். அந்த உழைப்பில்தான் அண்ணன் அனுப்பம்பட்டில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தார். ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் அருகே ஒரு தொழிற்பேட்டை வரவிருந்தது. அதனால் லாபமா நட்டமா என்று அறிக்கை எழுதும் பொறுப்பு அண்ணனிடம் வந்தது. படகும் வலையும் வைத்திருப்பவர்களுக்கு இழப்பீடு தந்தால் போதும், லாபமே அதிகம் என்று எழுதினார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அம்மா எழுந்தார். "கையால புடிக்கிறவங்கள எந்தப் பக்கத்துல எழுதிக்கீறீங்க?"

அதிகாரி அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு தொழிலே இதுல இல்லம்மா."

மேடையில் இருந்த அண்ணன் குனிந்து தன் தாள்களை அடுக்கினார்.

வீட்டில் அம்மா கேட்டார்: "இன்னாடா, நான்கூடவா உன் கண்ணுக்குத் தெரியல?"

"படகுக்குப் பதிவு இருக்குதும்மா. உனக்கு எந்த ஆபீஸ்லயும் பதிவு இல்ல. அதான் விட்டுட்டேன்."

அடுத்த மாதமே வேலையை விட்டார். அறிக்கை தவறு என்று கடிதம் எழுதினார். பெண்களோடு சேற்றில் இறங்கி, எந்தப் பருவத்தில் இறால் குஞ்சு எங்கே ஒதுங்கும், முகத்துவாரம் தூர்ந்தால் எது சாகும் என்று கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்தார். "எதை விக்கவே கூடாதுன்னு முதல்ல சொல்றதுதான் என் படிப்போட வேலை. லேட்டாதான் புரிஞ்சுது" என்பார்.

அந்த நோட்டோடு போய் நின்றபோது, அதிகாரிகள் அவருடைய பழைய அறிக்கையைக் காட்டி, "இதையும் நீங்கதானே எழுதினீங்க?" என்று திருப்பி அனுப்பினார்கள். தொழிற்பேட்டைக்கு அனுமதி கிடைத்தது. அம்மா இறால் பிடித்த இடத்தில் இன்று மண் மேடிட்டுக் கிடக்கிறது.

பிறகு ஈரல் நோய் வந்தது. கடைசி வரை அம்மா கஞ்சி ஊட்டினார். ஆனால் அவரோடு பேசவில்லை.

மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆட்டோக்கார பாய்க்கும், அண்ணனைத் தங்களோடு ஏரியில் இறங்கவிட்ட பெண்களுக்கும், தோள்கொடுத்துத் தூக்கியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஓரிடத்துக்கு மட்டும் நன்றி சொல்ல மனம் வரவில்லை. அடக்கத்தன்று அவருடைய பழைய நிறுவனம் மலர்வளையம் அனுப்பியது. கூட வந்த கடிதம், அந்த அறிக்கைதான் அவருடைய சாதனை என்றது. படித்துக் காட்டச் சொன்ன அம்மா, வளையத்தைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு வந்தார்.

"தப்புன்னு அவனே சொல்லிட்டான். அத்தப் போயி எம்புள்ள மேல எதுக்குப் போடறாங்க?"