தயாளன் வரைந்த தெருமுனை

ஆவடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோதுதான் சேதி வந்தது. எங்கள் தொழிற்சாலை நண்பர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "தயாளன் காலைல போயிட்டாம்பா. நெஞ்சு வலியாம்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி அவன் படம் வரைய மாட்டான் என்றுதான் தோன்றியது. அவனை நேசித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பொறாமைக்காரன் எழுதும் அஞ்சலி இது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் ஒரே பெயின்ட் பிரிவு. வாரமெல்லாம் மெஷின்களுக்குப் பச்சை அடிப்போம், ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைவோம். நான் ஒரு மாதம் மெனக்கெட்டு வரைந்த ஏரியை அவன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கலர கொஞ்சம் கம்மி பண்ணு மச்சான், தண்ணி மூச்சு உடட்டும்" என்பான். அவன் சொன்னது சரியாகவே இருக்கும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களைப் போன்ற ஐந்து பேர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டைத் திறந்து வைத்தோம். வரையும் இடத்துக்கே வந்து ஜனங்கள் படங்களைப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. தெருமுனைச் சுவர்களில் சிவப்புப் பெயின்டால் அம்புக்குறி போட்டோம். பார்த்து வரும் வரிசையில், அயனம்பாக்கத்தில் என் வீடு நான்காவது, அடுத்த தெருவில் தயாளன் வீடு கடைசி. காலையில் முதலில் வந்த கும்பல் மோர் குடித்தது, "நல்லா கீது சார்" என்றது, அதே மூச்சில் "தயாளன் ஊடு எந்தப் பக்கம்?" என்று கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. "அவன் ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனதும், தோளில் கிடந்த, பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைன் துணியோடு போய், அவன் தெருமுனையில் இருந்த அம்பைத் துடைத்தேன். பிறகு கேட்ட எல்லோருக்கும் அதே பொய்தான்.

மாலை நான்கு மணிக்குத் தயாளனே வந்தான். விரலில் ஈரப் பெயின்ட். "நம்ம ஊட்டுக்கு ஒருத்தன்கூட வரல மச்சான். சும்மா குந்திகினு இன்னா பண்றது? உன் படத்தயாவது பாக்கலாம்னு வந்தேன்" என்றான். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று நின்று, ஒரு மணி நேரம் பார்த்தான். அன்று வந்தவர்களில் வேறு யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி சரோஜா ஒரு படத்தை எடுத்து வந்தார். "அண்ணே, எல்லாரும் ஊட்டத் தொறந்து வச்சீங்களே, அன்னிக்கு வரைஞ்சது. யாருக்கும் காட்டல. உங்க கைலதான் குடுக்கணும்னு சொல்லிகினு இருந்தாரு."

அவன் தெருமுனைதான். வெயில், ஆளில்லாத தெரு, வெள்ளைச் சுவர். சுவரில் அம்பு இல்லை. அது இருந்த இடத்தில், ஓரமெல்லாம் எண்ணெய் படிந்த ஓர் இளஞ்சிவப்புக் கறை. டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால்தான் அப்படி வரும். எங்கள் ஐவரில் அவனைத் தவிர, அந்தப் பக்கம் இருந்தவன் நான் ஒருவன்தான். அவனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என் வீட்டுக்கு வந்து, என் படங்களை அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறான்.

அந்தப் படம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்குகிறது, அழுகையும் வருகிறது. ஆனாலும் தயாளா, அந்தக் கறையை எந்தெந்த நிறம் கலந்து கொண்டுவந்தாய் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வயிறு எரிகிறது.