வரிக்கு வரி என்டர்

ஜீவமணியக்காவை ஓர் இடத்தில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வேலை இல்லாவிட்டால் மேசைக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், லிங்கராஜ் அண்ணாச்சியின் தோணி ஏஜென்சியில் அவள் டைப்பிஸ்ட். எதிர் மேசையில் எனக்குக் கணக்கு வேலை. அக்கா நாசரேத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அவள் அடித்தால் மேசையே ஆடும்.

பழைய மிஷினுக்கு ரிப்பன் கிடைக்காமல் போனதும் அண்ணாச்சி லேப்டாப் வாங்கிப் போட்டார், கடிதம் எல்லாம் இனி வாட்ஸப்பில்தான் என்றார். எழுத்துகள் எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. மிஷினில் வரி முடிந்தால் தாள் மாட்டிய கேரியேஜைத் தள்ளுவாள். இதில் தள்ள ஒன்றும் இல்லை, என்டரைத் தட்டினாள். வாட்ஸப்பில் அதைத் தட்டினால் செய்தி போய்விடும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, நாசமாய்ப் போக.

மாலத்தீவு வியாபாரிக்கு, 'தோணி இன்று கிளம்பாது' என்று ஒரு வரி. என்டர். 'மழை விட்டதும் நாளை காலை கிளம்பும்' என்ற அடுத்த வரியை, தாளை மட்டும் பார்த்தபடி அவள் நிதானமாக அடித்து முடிப்பதற்குள், அந்த ஆள் எங்கள் தோணியில் போக வேண்டிய வெங்காயத்துக்கு வேறு இடத்தில் சொல்லிவிட்டான். அண்ணாச்சி கத்தவில்லை. கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண் சாத்தான்குளத்தில் இருக்கிறாளாமே என்று போனில் விசாரித்தார். இந்த வேலையை விட்டால் ஜீவமணியக்காவுக்கு வேறு வழி கிடையாது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷிப்டை அமுக்கிக்கொண்டு என்டரைத் தட்டினால் வரி மட்டும் இறங்கும், செய்தி போகாது என்று காட்டிக்கொடுத்தேன். சோறு தின்னும்போதுகூட இடது சுண்டுவிரலால் டிபன் பாக்ஸை அமுக்கிப் பழகினாள். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். அந்தச் சாத்தான்குளத்துப் பெண்ணைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி ஒரு செய்தி அடிக்கச் சொன்னார். அதை இவளிடமே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நாலு வரி அடித்தாள், வரிக்கு வரி ஷிப்ட். ஒன்றுகூட முந்திப் போகவில்லை. பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"அனுப்புறதை மட்டும் நீங்களே அனுப்பிருங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி விரலை நீட்டினார். எதை அமுக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் காட்டவில்லை, நானும் காட்டவில்லை. போகாமல் நின்ற அந்த நாலு வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, இதை அழிக்கதுக்கு எதை அமுக்கணும்?" என்றார்.

அதை உடனே காட்டினாள்.