காற்று வராத இடைத்தேர்தல்

எங்கள் பெரியப்பா சட்டசபைக்குப் போயிருக்க வேண்டியவர். பதினோரு ஓட்டில் அது இல்லாமல் போயிற்று. ஆலந்தலைக்கும் பெரியதாழைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும், அந்தப் பதினோரு ஓட்டைத் தொலைத்தவர் என் அப்பா என்றுதான் சொல்வார்கள்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. திடீரென்று இறந்துபோனார். அவரை நாங்கள் உயிரோடு பார்த்ததில்லை. அவர் இறந்த பிறகுதான் நமக்கும் ஓர் எம்.எல்.ஏ. இருந்தார் என்பதே கடற்கரை ஊர்களில் பலருக்குத் தெரிந்தது. காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் அறிவித்தார்கள். உப்பள முதலாளி ஒருவர் பெரிய கட்சியின் சார்பில் நின்றார். அவரை எதிர்த்து யார் நிற்பது என்று கரையைவிட்டு உள்ளே இருந்த ஊர்க்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, கரையூர்களெல்லாம் கூடிப் பேசி எங்கள் பெரியப்பாவை சுயேச்சையாக நிறுத்தின.

பெரியப்பா அரசியல்வாதி அல்ல. தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். பாய்மர வல்லங்களையும் வலைகளையும் தம்பியான என் அப்பாவிடம் விட்டுவிட்டு, சட்டை போட்டு வேலைக்குப் போனவர். அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. லீவுக்கு ஊருக்கு வந்த அண்ணன், ஆசைப்பட்டு ஒருநாள் எங்கள் வல்லத்தில் கடலுக்குப் போனார். திரும்பி வரும்போது கரையை ஒட்டிய அலையில் வல்லம் கவிழ்ந்தது. கூப்பிட்டால் காது கேட்கும் தூரம். கரையில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் நீந்தி வந்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பெரியப்பா என் அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டார். தினமும் கரையில் நின்று அலையைப் பார்த்தார். கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு சுவர் எழுப்பினால் அலை மடங்கும், வல்லங்கள் பயமில்லாமல் கரை சேரும் என்று கலெக்டர் ஆபீசுக்கும் கோட்டைக்கும் நடந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. அதனால்தான் தேர்தலில் நிற்கச் சம்மதித்தார்.

அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. மழையே பெய்யாத எங்கள் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமில்லாத சின்னம் கிடையாது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. மழை பெய்தால் உப்பு கரைந்துபோகுமே, உப்பளக்காரர் குடையைப் பார்த்தாலே ஓடுவார் என்று சிரித்தார்கள். பிள்ளைகளெல்லாம் உச்சி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். பெரியப்பா மேடையில் ஏறினால் அதிகம் பேசமாட்டார். "எங்கன கல்லு போட்டா அலை மடங்கும்னு எனக்குத் தெரியும். அத அங்க போய்ச் சொல்லணும். அதுக்கு ஒரு ஆளு வேணும்" என்பார். கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் பனையேறிகள்கூட அவர் பேச்சை நின்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்று டீக்கடைகளில் பேச ஆரம்பித்தார்கள். உப்பளக்காரரே ஜீப்பில் எங்கள் தெருவுக்கு வந்து, பெரியம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் முழுக்கக் கடல் சரியில்லை. யாரும் தொழிலுக்குப் போகவில்லை. தேர்தல் நாள் விடியும்போது கடல் குளம் மாதிரி அடங்கிக் கிடந்தது. சாளை மீன் கூட்டம் கூட்டமாகப் போவதைக் கரையில் நின்றே பார்க்க முடிந்ததாம். வல்லத்து ஆட்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

பெரியம்மா காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். குசினியில் அம்மா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் பல் விளக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும், காப்பிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பாவும் குசினி வாசலில் நின்று பேசினார்கள்.

"ஓட்டப் போட்டுட்டுப் போவட்டும்ணே" என்றார் அப்பா.

"பூத்து தொறக்க எட்டு மணி ஆவும். அதுவரைக்கும் சாள நிக்குமா?"

"ஒரு நாளுதானண்ணே."

"ஒரு வாரமா அடுப்பு எரியாம கெடக்கான். பட்டினி கெடந்து எனக்கு ஓட்டுப் போடுன்னு எப்படில சொல்லுவேன்? போய்ட்டு வரட்டும். மத்தியானம் கடக்காத்து எழும்புனா ஓடியாந்துருவானுவ."

அப்பா மறுபடியும் ஏதோ சொல்லப் போனார். பெரியப்பா அவர் தோளில் கை வைத்து, "நான் சொல்லுதேன்லா, எறக்கு" என்றார். அப்பா வெளியே போய் ஆட்களிடம், "வல்லத்த எறக்குங்க" என்றார். வாசலில் நின்றவர்கள் கேட்டது அப்பாவின் குரலை மட்டும்தான். நான்கு வல்லங்கள் போயின.

காலையில் பெண்கள் புதுச்சேலை கட்டிக்கொண்டு பங்குப் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையில் நின்றார்கள். விரலில் வைத்த மையை எங்களிடம் காட்டினார்கள். மத்தியானம் ஆயிற்று. ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிடும். எங்கள் கரையில் காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். மத்தியானம் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். போவதும் வருவதும் அந்தக் கணக்கில்தான். அன்று மத்தியானக் காற்று வரவில்லை. தென்னை ஓலை ஒன்றுகூட ஆடவில்லை. கோயில் கொடிமரத்துக் கொடி துணி காயப்போட்ட மாதிரித் தொங்கியது.

பெரியப்பா மணலில் போய் நின்றார். குடை கையில் இருந்தும் விரிக்கவில்லை. அப்பா அவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெயில் இறங்கத் தொடங்கியபோது பாய்கள் தெரிந்தன. தெரிந்த இடத்திலேயே நின்றன. பிறகு பாயை இறக்கிவிட்டு அவர்கள் துடுப்புப் போட ஆரம்பித்தார்கள் என்பது தெரிந்தது. யாரோ ஓடிப்போய்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டுக் கோயில் மணியை அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் மணலில் முழங்காலிட்டு மாதாவைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்குக் கரையில் அலையே இல்லை. எங்கு வேண்டுமானாலும் வல்லத்தை ஏற்றலாம். கல்லும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்பது போலக் கடல் படுத்துக் கிடந்தது. ஆட்கள் கழுத்தளவு தண்ணீரிலேயே குதித்து, ஈரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள்.

கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த அதிகாரி வெளியூர் வாத்தியார். நல்ல மனிதர். வெளியே வந்து அவர்களைப் பார்த்தார். "அஞ்சுக்கு முன்னால வந்து வரிசையில நின்னிருந்தா சீட்டுக் குடுத்து உள்ள விட்டிருப்பேன்யா. இப்ப என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் உடம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் பள்ளிக்கூடத் திண்டில் ஓடியது.

வல்லம் நிறைய மீன். வாங்க வியாபாரி வரவில்லை. ஊர் முழுக்க அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தது. ஒரு வாரமாகக் கஞ்சியும் துவையலுமாகத் தின்ற பிள்ளைகள் நாங்கள், பெரியவர்கள் ஏன் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

ஓட்டு எண்ணிக்கை தூத்துக்குடியில் நடந்தது. பெரியப்பாவும் அப்பாவும் எண்ணுகிற இடத்துக்குப் போனார்கள். எங்கள் அத்தை வீடு அங்கே பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில். அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் அங்கே போய்க் காத்திருந்தோம். நேரத்துக்கு ஒரு செய்தி வந்தது. குடை முந்துகிறது என்றார்கள். பெரியம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு உப்பளக்காரர் முந்துகிறார் என்றார்கள். பெட்டி தீர்ந்தபோது இரண்டு பேருக்கும் வித்தியாசம் விரல்விட்டு எண்ணிவிடுகிற மாதிரி இருந்ததால் மறுபடியும் எண்ணச் சொன்னார்கள். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. மறுபடியும் எண்ணி முடித்ததைத் தெருக்கோடியில் வெடித்த வெடியிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். எங்கள் ஆட்கள் வெடி வாங்கி வைக்கவில்லை என்பது எனக்குக்கூடத் தெரியும்.

பதினோரு ஓட்டு. நான்கு வல்லத்தில் போனவர்கள் இருபதுக்கு மேல்.

ஊருக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். பெரியப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி நெடுக உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பெரியப்பா வீட்டு வாசலுக்கு வரும்போது ஊரே அங்கே நின்றது. சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நின்றார்கள். பெரியம்மா வாசற்படியில் திரும்பி நின்று என் அப்பாவைப் பார்த்தாள்.

"எம் புள்ளையையும் ஒன் வல்லந்தான் கொண்டு போச்சு. ஓட்டையும் ஒன் வல்லந்தான் கொண்டு போச்சு. ஒரு நாளு பொறுத்துக்க முடியலயா ஒனக்கு? அண்ணன் அங்க போயி ஒக்காந்துருவாவன்னு வயித்தெரிச்சலா?"

அவள் கத்தவில்லை. அடங்கிய குரலில்தான் கேட்டாள். அப்பா தலையை நிமிர்த்திப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மூடிய குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "எப்பா, பெரியப்பாதான..." என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் வாய்மேல் விழுந்தது. வலை இழுத்துக் காய்த்துப்போன கை. பல் உதட்டில் குத்தி ரத்தம் கரித்தது. அந்தக் கையை அவர் உடனே எடுக்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தபடியே வெகுநேரம் வைத்திருந்தார். பெரியப்பா திரும்பி வீட்டுக்குள் போனார்.

பெரியம்மா கேட்டதை ஊர் பிடித்துக்கொண்டது. அப்பா உப்பளக்காரருக்கு விலைபோய்விட்டார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். வல்லத்துக்கு ஆட்கள் வந்தார்கள். வேறு தொழில் இல்லையே. ஆனால் மணலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தும்போது அப்பா வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கோயில் திருவிழாவில் அப்பா எப்போதும் சப்பரத்தின் முன்கொம்பைத் தூக்குகிறவர். அந்த வருஷம் அவரைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. கல்சுவர் வரவில்லை. அலையில் இன்னும் சிலர் போனார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் அந்தப் பதினோரு ஓட்டை நினைத்தது. அந்த நாட்களில் அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

பெரியப்பா மறுபடியும் தூத்துக்குடிக்கே போய்விட்டார். கல்லறைத் திருநாளுக்கு மட்டும் மகன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த வருவார். அப்பாவும் போய்ப் பக்கத்தில் நிற்பார். சில வருஷம் நானும் கூடப் போயிருக்கிறேன். காற்றில் திரி அணையாமல் அப்பா கையைக் குவித்துப் பிடிக்க, பெரியப்பா கொளுத்துவார். மழை உண்டா, சாளை படுகிறதா என்று விசாரிப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவார். அப்பா பஸ் போகும்வரை நின்றுவிட்டு வருவார்.

நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போன பிறகுதான் பெரியப்பா படுக்கையில் விழுந்தார். பேச்சு குறைந்துவிட்டது என்று நான் சொல்லி அனுப்பியதும் அப்பா வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பெரியப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டார். ஒருநாள் மத்தியானம் பெரியப்பா கண் திறந்து, "அன்னைக்குக் காத்து..." என்றார். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார்.

"காத்து வரலயே, தம்பி."

"ஆமாண்ணே. வரல."

பெரியப்பா அதற்கு மேல் பேசவில்லை. அப்பா குனிந்தபடியே இருந்தார். நர்சு வந்து நகரச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

அடக்கம் ஊரில்தான் நடந்தது. மகனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு அப்பாவும் நானும் மட்டும் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றோம். தன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்பா இத்தனை காலம் பேசாமல் இருந்தார் என்று நான் நினைத்திருந்தேன். அதைப் பெரிய தியாகமாக என் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன்.

"இனி யாருக்கும் நஷ்டம் இல்லயேப்பா. பெரியம்மாகிட்டயாவது சொல்லிருவோமே. அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்லா" என்றேன்.

அப்பா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"யாரு வேணும்னாலும் சொல்லலாம். அன்னைக்கே ஒங்கம்ம சொல்லப் போனா, நீ சொல்லப் போன. அண்ணன் சொல்லுவாவ, கொஞ்சம் பொறுப்போம்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். வாசலில் அன்று ஊர் நிற்க, என் வாயில் ரத்தம் கரித்தபோது, அது அப்பாவின் கோபம் என்றுதான் எனக்குத் தெரிந்தது. பெரியப்பா பேசுவதற்கு அவர் இடம்விட்டு நின்றார் என்பது எனக்குத் தெரியவில்லை.