பெரிய கோர்ட்டு வாசலில புட்டுப் பார்சல்

சண்டை நடந்த காலம். மனிசி யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு வந்து ஒரு கிழமை. வெள்ளவத்தைக் கடலைக் காட்டினன். மிருகக்காட்சிச்சாலையில குரங்கைக் காட்டினன். குரங்கு வீட்டிலயும் ஒண்டு இருக்குத்தானே எண்டுபோட்டு, "நாட்டிலையே பெரிய கோர்ட்டைக் காட்டுங்கோ" எண்டா.

நாங்கள் இருந்தது கொட்டாஞ்சேனை. நடக்கிற தூரம்தான். நான் பள்ளிக்கூடத்தில மழைக்கு ஒதுங்கினதோட சரி. கட்டடம் பாக்க எழுத்துத் தேவையில்லையே எண்டு கூட்டிக்கொண்டு போனன்.

கூரை பெரிய சட்டியைக் கவிழ்த்த மாதிரி. நான் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிண்டன். மனிசிக்குப் பெரிய வாசலைக் கண்டால் கோயில் ஞாபகம். செருப்பைக் கழட்டி, பையையும் மதிலடியில வச்சிட்டு வந்தா.

"பை எங்கயப்பா?"

"அங்க வச்சிட்டன். புட்டோட மீன்பொரியலும் கிடக்கு. நீதி சொல்லுற இடத்துக்கு மச்சத்தோட போறதே?"

யாழ்ப்பாணத்தில குண்டு மேலால விழும். கொழும்பில அது பைக்குள்ள கிடக்குமெண்டு அவவுக்கு ஆர் சொன்னது? திரும்பிப் பாக்கிறன், ஆமிக்காரன் சனத்தைக் கலைச்சுக்கொண்டு நிக்கிறான்.

"காகெத மேக்க?"

ஆற்ற பையெண்டு கேக்கிறான். என்ர எண்டு சொல்லுற ஆளைக் கொண்டு போவான். கொண்டு போன ஆக்கள் திரும்பி வந்த கதை நான் கேள்விப்படேல்லை. மனிசி வாயைத் திறக்க வெளிக்கிட்டா. நான் முந்தி, "மகே, சேர்" எண்டன்.

ஐடென்டியில தமிழ்ப் பேரைப் பாத்ததும் அவன்ர மூஞ்சை மாறிச்சு. ஏன் வந்தனியெண்டு சிங்களத்தில உறுக்கினான்.

"கட்டடம் பாக்க, சேர். டூரிஸ்ட்."

அவன் சிரிக்கேல்லை. கமராவோட பக்கத்தால போன ரெண்டு வெள்ளைக்காரருக்கு மட்டும் பல்லைக் காட்டினான். எனக்குக் காட்டினது துவக்கு. பையை நானே திறந்து, உள்ளுக்குக் கிடக்கிறதைத் திண்டு காட்டட்டாம்.

"காப்பங்."

வாசலில குந்தினன். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் உப்பில்லை, கல்லு மாதிரி எண்டு நொட்டை சொல்லிச் சொல்லித் திண்ட புட்டு. அண்டைக்கு ஒரு துகள் மிச்சம் விடேல்லை. மீனை முள்ளோட விழுங்கினன். வேற ஒண்டும் கண்டுபிடிக்க ஏலாம, அவன் துவக்கு நுனியால ரோட்டைக் காட்டினான்.

அந்தக் கட்டடத்தில எனக்கு இண்டைக்கும் கோவம். சட்டியாம் சட்டி.

மனிசி செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு வெறுங்காலோட நடந்தா. சந்தி தாண்டினம். பிறகு மெல்லக் கேட்டா.

"உப்புச் சரியோ?"

தொண்டைக்குள்ள முள்ளு. தலையை மட்டும் ஆட்டினன்.